மைக்ரோ வார்ம் பெருகவில்லையா? உணவை மாற்றும் முன் சூட்டைப் பாருங்கள்

சென்னை கொளத்தூர் பக்கம் ஃபைட்டர் மீன் பிரீடிங் செய்பவர்களுக்கு மே மாதம் வந்தால் மீன்குஞ்சுக்குத் தீனியாகும் பொடிப் புழு, அதாவது மைக்ரோ வார்ம், வளர்க்கும் டப்பா படுத்துவிடும். போன கோடையில் ஓட்ஸ், ரொட்டி, கடலை மாவு என்று நானும் புழுவின் உணவை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அறை 36 டிகிரியில் இருந்ததைக் கவனிக்கவில்லை. உணவு, சூடு இரண்டையும் பிரித்துச் சோதித்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

நான்கு சின்ன டப்பா எடுங்கள். இரண்டில் ஒரு தேக்கரண்டி கெட்டியான ஓட்ஸ் கஞ்சி, இரண்டில் அதே அளவு ஊறிய ரொட்டி. எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை ஈஸ்ட். கடலை மாவு வேண்டாம், சீக்கிரம் நாறிவிடும். ஒவ்வொரு உணவிலும் ஒரு டப்பா அறையில் இருக்கட்டும், இன்னொன்று ஐஸ் பாட்டில் வைத்த தெர்மாகோல் பெட்டிக்குள் போகட்டும். உள்ளே 22 முதல் 25 டிகிரி போதும். மீன் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர் பட்டையை நம்பாதீர்கள். ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான் சரி.

அடுத்து, டப்பாவுக்கு மூன்று சினைப்புழு. இது முட்டையிடாது, குட்டி போடும். அதனால் முட்டையைத் தேட வேண்டாம். லென்ஸில் பார்த்தால் பருத்த புழுவின் வயிற்றுக்குள் குட்டிகள் நெளிவது தெரியும். பல்குச்சி நுனியில் ஒட்டிய கண்ணிமை முடியால் மெல்லத் தூக்குங்கள்.

நான் சறுக்கியது எண்ணும் இடத்தில். ஒரு வாரம் விட்டு எண்ணினேன். அதற்குள் முதல் குட்டிகளே தாயாகிவிடும், பேத்திகளும் கணக்கில் சேர்ந்துவிடும். 48 மணி நேரத்தில் எண்ணிவிடுங்கள். டப்பாவில் உள்ளதைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடியில் கட்டம் போட்ட தாள் வைத்த தட்டில் ஊற்றினால் எளிது. சுவரில் ஏறிய புழுவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரம் கூடினாலும் அவை ஏறும்.

குளிர்ந்த பெட்டியில் ஓட்ஸுக்கும் ரொட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சூடான அறையில் இரண்டிலுமே குட்டி பாதிகூட இல்லை. ஆய்வகங்களில் வளர்க்கும் சி. எலிகன்ஸ் புழுவும் அப்படித்தான். 20 டிகிரியில் ஒன்று சுமார் 300 குஞ்சு தரும், 25-இல் குறையும். அதற்கு மேல் போனால் விந்தணு கெட்டு, கிட்டத்தட்ட மலடாகிவிடும்.

பின்சேர்ப்பு: வியாசர்பாடி நண்பர் ஒருவருக்குக் கஞ்சி நீர்த்துப்போனதாம். ஐஸ் பாட்டிலில் வியர்த்த நீர் டப்பா மூடியின் துளை வழியாகச் சொட்டியிருக்கிறது. பாட்டிலைத் துணியில் சுற்றி, டப்பாவை விட்டுத் தள்ளி வையுங்கள்.