கதவு ஸ்பீக்கர் மாத்தப் போறீங்களா?

ஏழு சீட் வண்டியில பாட்டு கரகரன்னு கேட்டா உடனே ஆம்ப், சப்வூஃபர்னு செலவுல இறங்காதீங்க. முன்கதவு ஸ்பீக்கர் ரெண்டை மட்டும் முதல்ல மாத்திப் பாருங்க. பின்சீட்டுல எப்படியும் பிள்ளைங்க சத்தம்தான்!

அட்டைப்பெட்டியில '300 வாட்'னு போட்டிருக்கறதைப் பார்த்து மயங்க வேண்டாம். கம்பெனி ஸ்டீரியோ ஒரு சேனலுக்கு நிஜமா தர்றது பெரும்பாலும் 15–20 வாட்தான். அதனால சென்சிடிவிட்டி (குறைஞ்ச பவர்லயும் எவ்வளவு சத்தம் தரும்ங்கற அளவு) 90 டெசிபலுக்கு மேல இருக்கறதா வாங்குங்க. ஓம் (மின்தடை அளவு) எவ்வளவுன்னு பழைய ஸ்பீக்கர் முதுகுலயே இருக்கும், அதே ஓம் போதும்.

6.5 இன்ச்னு அகலத்தை மட்டும் பார்த்தா பத்தாது, ஆழத்தையும் அளக்கணும். நான் அளக்காம மாட்டிட்டு கண்ணாடியை இறக்கினேன். பாதியிலேயே ஸ்பீக்கரோட பின்பக்கக் காந்தத்துல 'டக்'னு இடிச்சு நின்னுடுச்சு.

ஒயரை வெட்டாதீங்க, வண்டி ஒயர்ல அப்படியே சொருகற மாதிரி, வண்டிக்கேத்த கப்ளர் கேட்டு வாங்குங்க. பிளஸ் எது, மைனஸ் எதுன்னு குழப்பமா? கழட்டின ஸ்பீக்கர் முனையில 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்க. ஸ்பீக்கரோட முன்பக்கக் கூம்பு வெளிய தள்ளினா, பேட்டரியோட பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு கதவுல மட்டும் மாறிப்போனா பேஸ் சுத்தமா செத்துடும்.

கதவுக்குள்ள ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க. மழைத்தண்ணி உள்ள வராம தடுக்கறது அதுதான்.