வில்லின் முதுகில் தோல் ஒட்டுகிறீர்களா?

கையால் வில் செய்யத் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது பாம்புத்தோல். அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்பின் தோலை ஒட்டிப் பளபளக்கும் வில்களைப் படத்தில் பார்த்துவிட்டு வருகிறார்கள். இங்கே அந்தப் பேச்சே வேண்டாம். சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு எதுவானாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. சாலையில் வண்டி ஏறிச் செத்துக் கிடந்ததும் அரசின் சொத்துதான். உரித்தெடுத்தால் சிறைக்குப் போகவேண்டிவரும்.

நமக்கு ஆட்டுத்தோல் போதும். மேச்சேரி ஆட்டின் தோல் உறுதிக்குப் பேர்போனது. அதை விட்டுப் பாம்பைத் தேடுவானேன்?

ஆனால் கடையில் விற்கும் பதனிட்ட தோலை வாங்கிவிடாதீர்கள். அதில் எண்ணெய் ஏறியிருக்கும், பசை பிடிக்காது. இழுத்தால் நீண்டுகொண்டும் போகும். வேண்டியது பச்சைத்தோல். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்கியதும் ஒரே ஒருமுறை அலசிவிட்டு ஒட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். மிச்சச் சுண்ணாம்பு பசையைக் கெடுக்கும். மூன்று நான்கு தண்ணீராவது மாற்றுங்கள். உட்புறச் சவ்வையும் கொழுப்பையும் மொண்ணைக் கத்தியால் வழித்தெடுக்க வேண்டும். ஒரு விரல் அகலக் கொழுப்பு தங்கினாலும் அந்த இடம் பின்னால் உப்பிக்கொண்டு எழும். எறும்பும் அங்கேதான் முதலில் வரும்.

அடுத்தது காய வைப்பது. வெயிலில் போட்டால் தோல் வெந்து முறுகிவிடும் என்பது பலருக்குத் தெரியும். காற்றைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று தாராபுரம் பக்கம் எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். நிழலில்தானே இருக்கிறது என்று திண்ணையில் ஒரு தோலைப் பலகையில் ஆணியடித்து வைத்தேன். மாலையில் ஓரமெல்லாம் அப்பளமாக விறைத்திருந்தது, நடுப்பகுதி ஈரமாகவே இருந்தது. ஆணித் துளைகள் நீளமாகக் கிழிந்து, இரண்டு மூலைகள் சுருண்டு மேலே வந்திருந்தன. இப்போதெல்லாம் கதவைச் சாத்திய அறைக்குள்தான் காய வைக்கிறேன்.

ஒட்டுமுன் மீண்டும் நனைக்கும்போது ஊறிச் சொட்டும் தோலை அப்படியே வைக்கக் கூடாது; துணியில் சுருட்டிப் பிழிந்துகொள்ளுங்கள். பசைக்கு ஆசாரிகள் பயன்படுத்தும் வச்சிரம் அருமையானது. ஆனால் அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். கை பொறுக்காத சூடு போதும். மரத்தில் முன்பே எண்ணெய் பூசியிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நீர்த்த பசையை ஒருமுறை தடவிக் காயவிடுங்கள்.

தோல் போக வேண்டியது முதுகில், அதாவது நாணுக்கு எதிர்ப்புறம். வளைக்கும்போது மரம் விரிந்து சிலும்பு கிளம்புவது அங்கேதான். சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அது ஈரத்தைப் பூட்டிவைக்கும், தடமும் பதிக்கும். காடாத்துணிப் பட்டையே நல்லது. ஓரத்தை அப்போதே நறுக்காதீர்கள். தோல் சுருங்கும், காய்ந்தபிறகு அரம் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு ஒரு வாரமாவது நாண் ஏற்றக் கூடாது. இதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். ஈரம் குடித்த மரத்தை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். வில் சடச்சி மரமானாலும் கல்மூங்கிலானாலும் இதற்குத் தப்பாது. இன்னொன்று, நார் அறுபட்ட மரத்தின் மேல் தோலை ஒட்டி மறைத்தால் வில் பிழைத்துவிடாது. உடையத்தான் போகிறது, சற்றுப் பிந்தி உடையும்.

பாம்புச் செதில்மேல் ஆசை தீரவில்லை என்றால், வெங்காய மூட்டையின் வலையைக் காய்ந்த தோல்மேல் இறுக்கி விரித்து, பஞ்சில் சாயம் தொட்டு ஒற்றுங்கள். சாயம் சொட்டும்படி நனைத்தால் வலைக்கடியில் பரவிக் கோலம் கலைந்துவிடும். அதைச் சரியாகச் செய்ய எனக்கு நான்கு தோல்கள் செலவாயின.