போர்வைக்குள் இருவர், பக்கத்தில் ஒரு குடை: பேரேட்டு ஓவியங்களைப் பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கோடு போட்ட கணக்குப் பேரேட்டின் ஒரு பக்கம். வரவு செலவு எழுத வேண்டிய இடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே போர்வைக்குள் நிற்கிறார்கள். போர்வை பாதி சிவப்பு, பாதி கருநீலம், நடுவில் மணி கோத்த பட்டை. வெளியே தெரிவது தலைகளும் பாதங்களும் மட்டும். பக்கத்தில் விரித்த குடை ஒன்று. அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடக்கும் பெருவெளி என்ற புல்வெளியில் வாழ்ந்த ஷையேன், அரபாஹோ என்ற பூர்வகுடி மக்களின் ஓவியங்களில் இந்த மாதிரிக் காட்சிகள் உண்டு. அந்த ஆண்கள் முதலில் காட்டெருமைத் தோலில்தான் வரைந்தார்கள். எருமைக் கூட்டங்கள் கொன்று குவிக்கப்பட்டு, தோல் கிடைப்பது அரிதாகிக்கொண்டே வந்தது. 1860களிலிருந்து வணிகர்களிடமும் படைவீரர்களிடமும் கிடைத்த கணக்குப் பேரேடுகளில் வண்ணப் பென்சிலும் மையும் கொண்டு வரையத் தொடங்கினார்கள்.

இதைப் பார்த்ததும் நமக்குச் சட்டென்று தோன்றுகிற விளக்கங்கள் பெரும்பாலும் தவறாகவே இருக்கின்றன.

குடையிலிருந்தே தொடங்குவோம். குடை என்றால் மழை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரம் குறைந்த புல்வெளி அது, வெயிலுக்கு நிழல் தேவைதான். ஆனாலும் குடை அங்கே முதலில் அழகுப் பொருள், வசதியைக் காட்டும் பொருள். தோலைக் கொடுத்துக் கம்பளித் துணி, கண்ணாடி மணி, தலைமுடியில் தொங்கவிடும் வெள்ளை உலோகத் தகடுகள் என்று வாங்கிய அதே வணிகத்தில்தான் குடையும் வந்து சேர்ந்தது. தன்னை ஊர் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற நாளில் அதைக் கையில் எடுப்பார்கள். நமக்கு உடனே வெண்கொற்றக்குடை நினைவுக்கு வரும். அந்த ஒப்பீடும் வேண்டாம். இது அரசனுக்கு இன்னொருவர் பிடிக்கிற குடை இல்லை, தன் அலங்காரத்தில் ஒன்றாகத் தானே பிடித்துக்கொள்வது.

அதற்காக, "வெள்ளைக்காரரைப் பார்த்து நாகரிகம் பழகியதன் அடையாளம்" என்று எழுதிவிடவும் கூடாது. எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு இதுதான். கண்ணாடி மணி வெளியிலிருந்து வந்தது. அதைக் கோத்த வடிவம் அவர்களுடையது. போர்வைத் துணியும் வெளியிலிருந்து வந்ததுதான், அதைப் போர்த்துகிற முறையும் அதற்குள் நிற்கிற வழக்கமும் அவர்களுடையவை. குடைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

அப்புறம், குடை பிடித்திருப்பவர் பெண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆண்களும் பிடித்தார்கள். நீண்ட பின்னல், நகை, முகப்பூச்சு எல்லாம் ஆண்களுக்கும் உண்டு, அதனால் அவற்றை வைத்தும் தீர்மானிக்க முடியாது. உடையைப் பாருங்கள். எல்க் மான் பல் வரிசை வரிசையாகத் தைத்த அகலமான சட்டை என்றால் பெண். நீர்நாய்த் தோல் சுற்றிய பின்னலும் மார்பில் எலும்புக் குழல் அணியும் இருந்தால் பெரும்பாலும் ஆண். முகங்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவே என்று ஓவியர் திறமையைக் குறை சொல்வதும் இங்கேதான் தொடங்குகிறது. இந்த மரபில் ஆளை அடையாளம் காட்டுவது மூக்கும் கண்ணும் இல்லை. உடையும் அணியும் குதிரையும் காட்டும், சில நேரம் தலைக்கு மேல் சிறிதாக வரைந்த பெயர்ச் சின்னம் காட்டும். அதனால்தான் ஒரு போர்வையின் மணிப்பட்டைக்கு அவ்வளவு நேரம் செலவிட்டிருக்கிறார்கள்.

சரி, போர்வைக்குள் என்ன நடக்கிறது? பேச்சு. அவ்வளவுதான். அந்தப் பெண்ணைக் கடத்துகிறான் என்றோ, ரகசியமாகக் கூடுகிறார்கள் என்றோ படிப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம். ஷையேன் பெண்கள் கட்டுப்பாடாக வளர்க்கப்பட்டவர்கள். தண்ணீருக்கோ விறகுக்கோ போகிற வழியில் இளைஞன் காத்திருப்பான். அவள் நின்றால் தன் போர்வையை அவளையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வான். கூடாரங்கள் நிறைந்த முகாமில் தனியாகப் பேச வேறு இடம் ஏது? ஊர் பார்த்துக்கொண்டிருக்கும், ஆனால் பார்க்காதது போல் நகர்ந்துவிடும். விருப்பமில்லை என்றால் அவள் போய்விடலாம். சில ஓவியங்களில் இன்னும் இரண்டு மூன்று இளைஞர்கள் போர்வையோடு நிற்பார்கள். சண்டைக்கு வந்தவர்கள் இல்லை, பேசத் தங்கள் முறை வரும் என்று காத்திருப்பவர்கள். இந்தக் காதல் ஆண்டுக்கணக்கில் நீளும். கல்யாணப் பேச்சு என்று வரும்போது அவன் தரப்பிலிருந்து பெரியவர் ஒருவர் போய்க் கேட்பார், குதிரைகளும் போகும்.

எல்லாவற்றையும் "சிறை ஓவியம்" என்று ஒரே பெயரில் அடைப்பதும் வழக்கமாகிவிட்டது. 1875 முதல் 1878 வரை ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரத்து மேரியன் கோட்டையில், விசாரணையே இல்லாமல் 70-க்கும் மேற்பட்ட பெருவெளி மக்கள் அடைத்து வைக்கப்பட்டார்கள். அங்கே பலர் வரைந்தார்கள், சுற்றுலாப் பயணிகள் வாங்கினார்கள். ஆனால் 1869-ல் கொலராடோவின் சம்மிட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஷையேன் முகாமைத் தாக்கியபோது அமெரிக்கப் படையினர் அங்கிருந்து எடுத்துப்போன பேரேடு அதற்கு முந்தையது. அரபாஹோ ஓவியர் ஃபிராங்க் ஹெண்டர்சன் பெயரால் அறியப்படும் 1882 பேரேடு அதற்குப் பிந்தையது. ஷையேன் ஓவியர் ஹவுலிங் உல்ஃப் சிறைக்கு முன்பும் வரைந்தார், சிறையிலும் வரைந்தார், வெளியே வந்த பிறகும் வரைந்தார். விற்பதற்கு வரைந்ததையும் தங்களுக்காக வரைந்ததையும் ஒன்றாகக் கலந்து பேசக்கூடாது.

படத்தை இடமிருந்து வலமாகப் படிக்கும் பழக்கத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குறிப்பாகப் போர்க் காட்சிகளில் நாயகன் பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் பாய்ந்து வருவான். குளம்படித் தடங்கள் அவன் வந்த வழியைச் சொல்லும்.

கடைசியாக ஒன்று. பல பேரேடுகளைப் பிரித்து, பக்கம் பக்கமாக விற்றுவிட்டார்கள். அதனால் காதல் காட்சி மட்டும் தனியாகச் சட்டத்துக்குள் தொங்கும், இனிமையான சின்னப் படம் போல. முடிந்தால் முழுப் பேரேட்டை வரிசையாகப் பாருங்கள். சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் பல பேரேடுகளை அப்படியே பக்க வரிசையில் இணையத்தில் வைத்திருக்கிறது. போரில் பெயர் எடுக்காத இளைஞனைப் பெண்கள் மதிக்க மாட்டார்கள் என்ற உலகம் அது. அதனால் ஒரு பக்கத்தில் எதிரியை நோக்கிக் குதிரையில் பாய்கிறவர்களையும், இன்னொரு பக்கத்தில் நல்ல போர்வையைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் வழியில் காத்து நிற்பவர்களையும் ஒரே கட்டுக்குள் சேர்த்துப் பார்க்க முடியும்.