ரப்பர் தோட்டத்தில் யூரியா போடும் முன் மண்ணைப் பாருங்கள்

குமரி மாவட்ட ரப்பர் தோட்ட மண் இயல்பிலேயே அமிலம் கூடியது. அதில் யூரியா போன்ற தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் அளவுக்கு மீறி விழுந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நுண்ணுயிரிகள் உரத்திலிருந்து வரும் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. மரம் எடுக்காமல் மிஞ்சிய நைட்ரேட்டை மழை அடித்துப் போகும்போது கால்சியமும் மெக்னீசியமும் கூடவே போய்விடும். மண்ணின் பி.எச். (அமில அளவைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5-க்குக் கீழே இறங்க இறங்க அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் குட்டையாக்கும். யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் அமிலத்தை அதிகம் கூட்டும்.

சரி, என்ன செய்யலாம்? உரம் வைக்கும் இடத்திலும் வரிசைகளுக்கு நடுவிலும் தனித்தனியாக மண் எடுத்துச் சோதியுங்கள். தேவைப்பட்டால் டோலமைட் (அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்பு வகைக் கல் தூள்) தூவுங்கள். யூரியாவோடு சேர்த்து மட்டும் போடவே வேண்டாம், தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். சில வாரம் இடைவெளி விடுங்கள்.