பனியை வரைய வேண்டாம், விட்டுவைத்தால் போதும்: சின்னப் பிள்ளைகளுக்கான குளிர்கால ஓவிய வேலைகள்

குளிர்காலப் படம் என்று சொன்னதுமே பிள்ளைகள் கேட்பது வெள்ளை பெயின்ட்தான். வெள்ளைத் தாளில் வெள்ளையைப் பூசிவிட்டு, ஒன்றுமே தெரியவில்லையே என்று முழிப்பார்கள். அதனால் அந்த டப்பாவை முதலிலேயே எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுவேன். தாள்தான் பனி, சுற்றிலும் நிறம் பூசினால் பனி தானாக எழுந்து நிற்கும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் ஆறு வயதுப் பிள்ளைகூட நல்ல பனிப் படம் போடும்.

முதல் நாளுக்கு மெழுகு கிரேயான் வேலை சரியாக இருக்கும். வெள்ளை கிரேயானால் வெள்ளைத் தாளில் பனி விழுவதையோ வீட்டுக் கூரையையோ அழுத்தி வரையச் சொல்லுங்கள், மேலே தண்ணீர் நிறைய கலந்த நீல வாட்டர்கலரைப் பூசினால் மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஒட்டாமல் விலகி, மறைந்திருந்த படம் வெளியே வரும். வகுப்பே கத்தும், அதற்குத் தயாராக இருங்கள். வரையும்போது கோடு கண்ணுக்குத் தெரியாதுதான், தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மெழுகு பளபளக்கும். லேசாகக் கிறுக்கினால் வேலைக்காகாது, அழுத்தித்தான் வரைய வேண்டும்.

அடுத்தது உப்பு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், சொதப்புவதற்கு அதிக வாய்ப்புள்ளதும் இதுதான். கெட்டியான வாட்டர்கலர் தாளில் கருநீலமோ ஊதாவோ தாராளமாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே உப்பைத் தூவ வேண்டும். உப்பு தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை இழுக்கும், அங்கே நிறம் வெளிறிப்போய் பூப்பூவாகப் புள்ளிகள் விழும், பார்ப்பதற்கு இரவில் பனி பெய்வது மாதிரியே இருக்கும். எல்லாம் தூவுகிற நேரத்தில்தான் இருக்கிறது. தாளில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது போட்டால் உப்பு கரைந்து போகும், காய்ந்த பிறகு போட்டால் சும்மா உப்பாகவே கிடக்கும். தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள்: குட்டை மாதிரி இல்லாமல் மேல்பரப்பு மட்டும் மினுமினுத்தால் அதுதான் நேரம். தூள் உப்பு பொடிப் புள்ளி தரும், கல் உப்பு பெரிய பூ தரும். ஒரு சிட்டிகை போதும் என்று எத்தனை தடவை சொன்னாலும் யாராவது கைப்பிடி அள்ளிப் போடத்தான் செய்வார்கள், அதனால் ஆளுக்கு ஒரு சின்ன மூடியில் அளந்து கொடுத்துவிடுவது நல்லது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் உப்பைத் தட்டிவிட வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் நிறம் இழுபட்டு எல்லாம் வீணாகும்.

மாஸ்கிங் டேப்பை வைத்து மரங்கள் செய்யலாம். தாளில் மேலிருந்து கீழாக நான்கைந்து பட்டைகள் ஒட்டி, பின்னணி முழுக்க நிறம் பூசி, காய்ந்ததும் உரித்தால் வெள்ளைத் தண்டுகள் நிற்கும். ஓர் அட்டைத் துண்டின் விளிம்பில் கறுப்பு பெயின்ட் தொட்டுத் தண்டின் ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் கறுப்புக் கீற்று விழுந்த வெள்ளைத் தண்டுள்ள பிர்ச் மரம் வந்துவிடும். டேப்பை நேராகத் தாளில் ஒட்டினால் உரிக்கும்போது தாளும் சேர்ந்து கிழியும், முதலில் சட்டைத் துணியில் ஒட்டி எடுத்துப் பசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மரம் நின்றதும் நிழல் வேண்டும். உடனே கறுப்பைத் தேடுவார்கள், நீலத்தைக் கொடுங்கள். வெயில் நாளில் பனிமேல் விழும் நிழலில் வானத்தின் நீலம் தெரியும். பிரெஞ்சு ஓவியர் மொனே 1868–69-இல் வரைந்த ‘மேக்பை’ என்ற பனிக்கால ஓவியத்தைக் காட்டினால் இதை நாம் விளக்கவே வேண்டாம், வேலிக்குக் கீழே நிழல் முழுக்க நீலமாகத்தான் கிடக்கும்.

இலை உதிர்ந்த மரத்துக்கு ஸ்ட்ரா போதும். தண்ணீரான கறுப்பு பெயின்ட்டை ஒரு சொட்டு விட்டு, ஸ்ட்ராவால் ஊதி ஊதிக் கிளை பிரிக்க வேண்டும். யாராவது மறந்துபோய் உறிஞ்சிவிடுவார்கள், அதனால் வாய் வைக்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் கீழே ஊசியால் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள், உறிஞ்சினாலும் பெயின்ட் மேலே ஏறாது. தொடர்ந்து ஊதினால் தலை சுற்றும், நடுவில் நிறுத்திவிட்டு ஊதட்டும்.

அப்புறம் காகிதப் பனித்துகள். பலரும் தாளைப் பாதி, பாதி, பாதி என்று மடித்து வெட்டுகிறார்கள், நான்கு கையோ எட்டுக் கையோ வந்து நிற்கிறது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால் நிஜப் பனித்துகளுக்கு ஆறு கைதான். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளப் பக்கத்தின் நடுப்புள்ளிதான் மையம், அங்கிருந்து வலது மூலையையும் இடது மூலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக, மூன்று சம பாகமாக வரும்படி மடிக்க வேண்டும். பிறகு இன்னொரு தடவை பாதியாக மடித்து, மேலே துருத்தும் காதுகளை வெட்டிவிட்டால் ஐஸ்கிரீம் கோன் மாதிரி இருக்கும். இப்போது 12 அடுக்கு, சின்னக் கைகளுக்குக் கத்தரி ஓடாது, ஆகவே மெல்லிய தாளையே எடுங்கள். ஓரங்களில் வெட்டட்டும், ஆனால் ஒரு மடிப்பு ஓரத்தை முழுக்க வெட்டிவிட்டால் விரிக்கும்போது துண்டு துண்டாக உதிரும்.

பிள்ளைகள் வெட்டும்போது வில்சன் பென்ட்லியைப் பற்றிச் சொல்வேன். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி, மைக்ராஸ்கோப்பை கேமராவோடு இணைத்து 1885 ஜனவரி 15-இல் ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தபோது அவருக்கு 19 வயது. அதோடு விடவில்லை, ஆயுளில் 5,000-க்கு மேல் எடுத்தார். அவருடைய படங்கள் இரண்டைக் காட்டிவிட்டு மறுபடி வெட்டச் சொன்னால், இரண்டாவது தடவை வெட்டும் நுணுக்கமே வேறு.

கடைசியாக ஒரு விதிவிலக்கு, வெள்ளையைக் காப்பாற்றாமல் மேலே சேர்க்கும் வேலை. ஷேவிங் ஃபோமும் வெள்ளைப் பசையும் சம அளவு கலந்தால் உப்பலான பனி கிடைக்கும், பனி மனிதனுக்குப் பொருத்தம். கண்ணிலும் வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் இரவு முழுக்கத் தட்டையாகக் காயவிட வேண்டும், பெயரை முன்கூட்டியே பின்பக்கம் பென்சிலில் எழுதச் சொல்லிவிடுங்கள், காய்ந்த பிறகு எல்லாப் பனி மனிதர்களும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.