முன் அனுபவம் இல்லாமல் பங்கு ஆய்வுத் துறைக்குள் நுழைவது எப்படி?

நிறுவனங்களை ஆராய்ந்து அவற்றின் பங்குகளைப் பற்றி அறிக்கை எழுதும், தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள் பெரும்பாலும் சிறியவை. ஒரு துறையைக் கவனிக்க ஒரு மூத்த ஆய்வாளரும் அவருக்குக் கீழ் ஓரிரு இளநிலை ஆய்வாளர்களும் இருப்பார்கள். சந்தையில் வர்த்தகம் மந்தமானால் தரகு வருமானம் குறையும். அப்போது காலியாகும் இடத்தைக்கூட நிரப்பத் தயங்குவார்கள். விளம்பரத்தில் வரும் "இரண்டாண்டு அனுபவம் தேவை" என்ற நிபந்தனைக்குப் பின்னால் இருப்பது, புதியவருக்கு அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுக்க நேரமில்லை என்ற கவலைதான். அந்தக் கவலையைச் சான்றிதழ்களை அடுக்கித் தீர்க்க முடியாது. ஆய்வாளர் செய்யும் வேலையை முன்கூட்டியே செய்து காட்டினால் தீர்க்கலாம்.

முதலில், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொழிலிலிருந்து, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றியவருக்கு, நூல் விலை ஏறினால் அதை வாங்குபவரிடம் எப்போது, எவ்வளவு வசூலிக்க முடியும் என்பது தெரியும். மேலாண்மைப் பட்டம் பெற்று நேராக வந்த போட்டியாளருக்கு அது தெரியாது. அத்தகையவர் ஜவுளி நிறுவனத்தை விட்டுவிட்டு, எல்லோரும் எழுதும் பெரிய வங்கியைப் பற்றி எழுதுவது தன் பலத்தைத் தானே கைவிடுவதாகும்.

நிறுவனத்தின் கடைசி ஐந்து ஆண்டறிக்கைகளை மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகப் பெறலாம். தலைவர் உரையில் தொடங்காமல் பணப்புழக்க அறிக்கையில் தொடங்குங்கள். ஐந்தாண்டு நிகர லாபத்தின் கூட்டுத்தொகையையும், வியாபாரத்திலிருந்து உண்மையில் வந்த பணத்தின் கூட்டுத்தொகையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பின்னது மிகவும் குறைவாக இருந்தால், பணம் எங்கே தேங்குகிறது என்று தேட வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு: விற்பனை 1,000 கோடி ரூபாய், வரவேண்டிய பாக்கி 200 கோடி என்றால், பாக்கி வசூலாக ஏறத்தாழ 73 நாட்கள் ஆகின்றன. அடுத்த ஆண்டு விற்பனை 1,200 கோடியாகவும் பாக்கி 320 கோடியாகவும் உயர்ந்தால், அது 97 நாட்களாகிறது. விற்பனை 20 சதவீதம் வளர்ந்திருப்பதாகச் செய்திக் குறிப்பு மகிழ்ச்சியுடன் சொல்லும். பாக்கி 60 சதவீதம் வளர்ந்திருப்பதை, ஆண்டறிக்கையின் கணக்குக் குறிப்புகளைப் படித்தவர்தான் சொல்ல முடியும். சரக்கு இருப்பு, நிர்வாகத்தோடு தொடர்புடைய நபர்களுடனான பரிவர்த்தனைகள், தணிக்கையாளரின் குறிப்புகள் ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

அடுத்து, காலாண்டு முடிவுகளுக்குப் பின் நிர்வாகம் ஆய்வாளர்களுடன் தொலைபேசி வழியாக நடத்தும் கான்கால் உரையாடல்கள். இவற்றின் எழுத்து வடிவத்தைப் பங்குச் சந்தைத் தளங்களில் பதிவேற்ற வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. எட்டுக் காலாண்டுகளின் உரையாடல்களைப் படித்து, நிர்வாகம் சொன்னதை ஒரு பத்தியிலும் நடந்ததை மறு பத்தியிலும் குறித்துக்கொண்டால், அந்த நிர்வாகத்தின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது விளங்கிவிடும். கையில் ஒரு பங்கு இருந்தால்கூட ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். முன்பதிவு செய்துகொண்டால் கேள்வியும் கேட்கலாம். 2020க்குப் பிறகு பல கூட்டங்கள் காணொளி வழியாக நடப்பதால், பயணச் செலவும் இல்லை.

இவற்றைக் கொண்டு எக்செலில் அடுத்த மூன்றாண்டுகளுக்கான மதிப்பீடு ஒன்றைத் தயாரித்து, நான்கைந்து பக்க அறிக்கையாக எழுதித் தேதியிடுங்கள். உங்கள் கணிப்பு எந்தச் சூழலில் பொய்க்கும் என்பதற்கு ஒரு பகுதி கட்டாயம் வேண்டும். அடுத்த காலாண்டு முடிவு வந்ததும், கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை ஒரு பக்கத்தில் விளக்குங்கள். நேர்முகத் தேர்வில் முதல் அறிக்கையைவிட இந்த ஒரு பக்கமே அதிகம் பேசப்படும் என்பது என் கருத்து. மாறாக, சொந்த டிரேடிங்கில் கிடைத்த லாபத்தை அனுபவமாகக் காட்டுவது பெரும்பாலும் எடுபடாது.

ஓர் எச்சரிக்கை: அறிக்கையைப் பொதுவெளியில் இடும்போது "வாங்கலாம்", "விற்கலாம்", இலக்கு விலை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பணம் பெற்றுக்கொண்டு பரிந்துரை வழங்க, செபியின் 2014ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிமுறைகளின்படி பதிவு தேவை. பதிவின்றி டெலிகிராமில் டிப்ஸ் கொடுத்த வரலாறு, வேலைக்கு எடுப்பவர் கண்ணில் பட்டால் கதவு அங்கேயே மூடிவிடும்.

சான்றிதழ்களில் முதலில் எழுத வேண்டியது செபி நிறுவிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் பதினைந்தாம் வரிசை ஆய்வாளர் தேர்வு. தேர்ச்சிக்கு 60 சதவீதம் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். சான்றிதழ் மூன்றாண்டுகள் செல்லும். நிதி ஆய்வாளர்களுக்கான சர்வதேசப் பட்டயமான சிஎஃப்ஏ மூன்று நிலைகளைக் கொண்டது, செலவும் அதிகம். மூன்றையும் முடித்தாலும் 4,000 மணி நேரத் தகுதியான பணி அனுபவம் இல்லாமல் பட்டயம் கிடைக்காது. முதல் நிலை மட்டும் முடித்துவிட்டு, வேலை கிடைத்த பிறகு மற்றவற்றைத் தொடர்வதே சிக்கனம்.

நேரடி வாசல் திறக்காதபோது பக்க வாசல்கள் உண்டு. வங்கியின் கடன் மதிப்பீட்டுப் பிரிவு, கிரிசில் போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆய்வுப் பணி செய்துதரும் கேபிஓக்கள் ஆகியவற்றில் நிதிநிலை அறிக்கைகளோடு அன்றாடம் புழங்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் போன்ற, முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவாளர் நிறுவனங்களில் மியூச்சுவல் ஃபண்டுகளின் செயல்பாட்டைக் கற்கலாம். ஆனால் அங்கிருந்து ஆய்வுக்கு மாறுவது கடினம். என்னைக் கேட்டால், கடன் மதிப்பீட்டையே முதலில் வைப்பேன். ஒரு நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கட்டுமா என்று பார்க்கப் பழகியவருக்கு, மிகை நம்பிக்கையுடன் எழுதும் பழக்கம் எளிதில் வராது.

ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது, தற்குறிப்பை மட்டும் அனுப்பி வேலை கேட்காமல், அவர் கவனிக்கும் துறையைப் பற்றி ஒரு கூர்மையான கேள்வியையும் உங்கள் அறிக்கையையும் அனுப்புங்கள். காலாண்டு முடிவுகளைப் பொதுவாக 45 நாட்களுக்குள்ளும், ஆண்டு முடிவுகளை 60 நாட்களுக்குள்ளும் வெளியிட வேண்டும் என்பதால், பிப்ரவரி, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் முதல் பாதியிலும் மே மாதம் முழுவதும் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நெருக்கடி தணிந்த பிறகு எழுதினால் படிக்கப்படும் வாய்ப்பு கூடும். பதில் வராவிட்டால், அடுத்த காலாண்டு முடிவுக்குப் பின் உங்கள் கணிப்பு எப்படி அமைந்தது என்ற அந்த ஒரு பக்கத்தை அதே அஞ்சலின் தொடர்ச்சியாக அனுப்புங்கள்.