நரம்பு உளவியல் மதிப்பீட்டு அறிக்கை: பரிந்துரைச் சீட்டிலிருந்து கையொப்பம் வரை

மூளைக் காயமோ பக்கவாதமோ வலிப்போ வந்த ஒருவரை நரம்பியல் மருத்துவர் நரம்பு உளவியலாளர்களான நம்மிடம் அனுப்பும்போது, சீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "நரம்பு உளவியல் மதிப்பீடு தேவை." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, நினைவு, கவனம் போன்ற திறன்களை அளக்கும் சோதனைத் தொகுப்பை முழுவதுமாக நடத்தி, மதிப்பெண்களை அட்டவணையாக்கி, ஒவ்வொன்றின் கீழும் "குறைபாடு உள்ளது", "குறைபாடு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவது எளிது. பயிற்சியாளர்கள் எழுதிக் கொண்டுவரும் முதல் அறிக்கைகளில் பல இப்படித்தான் இருக்கின்றன. கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அதைக் கையில் வாங்கும் மருத்துவருக்கும் குடும்பத்துக்கும், அடுத்து என்ன செய்வது என்பது அதில் கிடைக்காது. அறிக்கை என்பது ஒரு கேள்விக்கான பதில். ஆகவே எழுதும் வேலை அந்தக் கேள்வியைக் கண்டுபிடிப்பதில்தான் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டுக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 46. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். குமாரபாளையம் பக்கம் ஒரு விசைத்தறிக்கூடத்தில் 24 தறிகளுக்கு மேஸ்திரி. ஏழு மாதங்களுக்கு முன் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டது. மருத்துவமனைக்கு வந்தபோது கிளாஸ்கோ கோமா அளவு (நினைவு நிலையை 3 முதல் 15 வரை அளப்பது) 11, சி.டி. ஸ்கேனில் மூளையின் இருபுற முன்மடலின் அடிப்பகுதியில் ரத்தக்கட்டுடன் கூடிய நசிவு. இப்போது நன்றாக நடக்கிறார், பேசுகிறார். ஆனாலும் முதலாளி வேலைக்கு வரச் சொல்லத் தயங்குகிறார். இழப்பீட்டு வழக்கும் நடக்கிறது.

சீட்டில் எழுதியிருப்பது ஒரு வரிதான் என்றாலும், பரிந்துரைத்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து ஐந்து நிமிடம் பேசினால் உண்மையான கேள்வி வெளியே வரும்: இவர் பழைய வேலைக்குத் திரும்பலாமா, எப்போது, எந்த ஏற்பாடுகளுடன்? மனைவியிடம் கேட்டால் இன்னொரு கேள்வி வரும்: "முன்ன இப்படி எரிஞ்சு விழ மாட்டாருங்க, இது சரியாகுமா?" இவ்விரண்டையும் அறிக்கையின் முதல் பத்தியில், அவர்கள் கேட்ட பொருளிலேயே எழுதுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு பத்தியும் இவற்றில் ஒன்றுக்காவது வேலை செய்ய வேண்டும். செய்யாத பத்தியை எடுத்துவிடலாம்.

வரலாறு எழுதும் பகுதி

இங்கே நீளம் தேவையில்லை, தேர்வு தேவை. காயத்தின் தீவிரம், நினைவிழந்திருந்த காலம், அறுவை சிகிச்சை, வலிப்பு வந்ததா என்பது, ஸ்கேன் முடிவு ஆகியவற்றை மருத்துவக் குறிப்பிலிருந்து எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "விபத்துக்குப் பின் பத்து நாள்கள் நடந்தது எதுவும் நினைவில்லை" என்பது அவர் சொன்னதா, மனைவி சொன்னதா, மருத்துவமனைக் குறிப்பா என்பது முக்கியம். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் எழுதுங்கள்.

விபத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு இரண்டு பத்தி ஒதுக்கினாலும் தவறில்லை, ஏனென்றால் குறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் எதிலிருந்து குறைந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் படிப்பு பல நேரங்களில் திறமையின் அளவாக இருப்பதில்லை. குடும்பச் சூழலால் எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். ஆனால் சனிக்கிழமை மாலை எல்லாத் தறிக்காரர்களின் கூலியையும் முன்பணத்தைக் கழித்து மனக்கணக்காகவே போட்டவர் என்று முதலாளி சொல்கிறார். அப்படிப்பட்டவர் எண்களைத் தலைகீழாகச் சொல்லும் சோதனையில் சராசரியின் கீழ்விளிம்பில் நின்றால், அட்டவணைப்படி அது குறைபாடு ஆகாது. அவருக்கு அது இழப்பு. இந்த ஒப்பீட்டை அட்டவணை செய்து தராது, நாம்தான் எழுத்தில் செய்ய வேண்டும்.

மருந்துகளைப் பெயரும் அளவுமாக எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டு மனிதர் வலிப்புத் தடுப்புக்காக லெவெடிராசிட்டாம் சாப்பிடுகிறார் என்று கொள்வோம். எரிச்சலும் கோபமும் அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். முன்மடலின் அடிப்பகுதிக் காயமும் அதே எரிச்சலைத் தரும். மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் "முன்மடல் பாதிப்பால் ஏற்பட்ட ஆளுமை மாற்றம்" என்று எழுதிவிட்டால், மருத்துவர் மருந்தை மாற்றிப் பார்க்கும் வாய்ப்பை நாமே மூடிவிடுகிறோம். கோபம் எப்போது தொடங்கியது, மருந்து தொடங்கிய தேதிக்கு முன்பா பின்பா என்று மனைவியிடம் கேட்டு எழுதிய ஒரு வரி, பல பக்க மதிப்பெண்களைவிட மருத்துவருக்குப் பயன்படும்.

சோதனை அறையில் கண்டது

நடத்தைக் குறிப்பு எழுதும்போது முடிவை எழுதாமல் கண்ணால் கண்டதை எழுதுங்கள். "அவசரப்படுகிறார்" என்பது முடிவு. "லண்டன் கோபுரச் சோதனையில் (மணிகளை நகர்த்தி, காட்டிய வடிவத்தை அமைப்பது) விதியை விளக்கி முடிப்பதற்குள் மணியை நகர்த்தத் தொடங்கினார், ஒரு நேரத்தில் ஒரு மணிதான் என்று நினைவூட்டியபோது 'சரிங்க' என்றார், அடுத்த நகர்த்தலிலேயே இரண்டு மணிகளைக் கையில் எடுத்தார்" என்பது கண்டது. இரண்டாவதைப் படிக்கும் எவருக்கும் புரிந்துவிடும்: விதி அவருக்குத் தெரிகிறது, திருப்பிச் சொல்லவும் முடிகிறது, ஆனால் கையைக் கட்டுப்படுத்த அது போதவில்லை. ஓடும் தறியின் பக்கத்தில் நிற்க வேண்டியவர் என்பதால், இந்த ஒரு காட்சிக்கு அறிக்கையில் உரிய இடம் கொடுங்கள்.

சோதனை எந்த மொழியில் நடந்தது என்பதையும் எழுதியே ஆக வேண்டும். சொல்வளச் சோதனையில் (கொடுத்த ஒலியில் தொடங்கும் சொற்களைச் சொல்வது) ஆங்கிலம் அறியாதவர்களுக்கு க, ப, ம ஆகிய ஒலிகளைக் கொடுக்கிறோம். தமிழில் "க" என்ற ஒரே எழுத்து ka, ga என்ற இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால், 'கல்' என்று சொன்னவர் அடுத்து 'கேஸ் அடுப்பு' என்று சொன்னால் ஏற்பதா என்ற கேள்வி வரும். எதை ஏற்றோம், எதை விட்டோம் என்பதை ஒரு வரியில் பதிவு செய்யாவிட்டால், அடுத்த ஆண்டு மறுசோதனை செய்பவர் வேறு விதமாக எண்ணுவார். மாற்றம் நோயாளியிடமா, எண்ணியவரிடமா என்று யாருக்கும் தெரியாமல் போகும். எழுத்தறியாதவருக்கு ஒலியால் தேடுவதே பழக்கமில்லாத வேலை. அவரிடம் விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொல்லும் சோதனைக்கே கூடுதல் எடை கொடுங்கள்.

மதிப்பெண்ணை மொழியாக்குவது

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு 2004-இல் வெளிவந்தது. அதன் ஒப்பீட்டு அளவுகள் 16 முதல் 65 வயது வரையுள்ளவர்களை வயது, கல்வி, பாலினம் என்று பிரித்துத் தருகின்றன. 15-ஆவது சதமானம் குறைபாட்டின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. எந்தப் பிரிவோடு ஒப்பிட்டோம் என்பதை அறிக்கையில் சொல்லுங்கள். 65 வயதைத் தாண்டியவரை இந்த அளவுகளோடு ஒப்பிட நேர்ந்தால், முடிவு அந்த அளவுக்கே நம்பத்தக்கது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

எல்லைக் கோட்டைப் பற்றி இன்னொன்று. எந்தக் காயமும் இல்லாத 100 பேரில் 15 பேர் ஒரு சோதனையில் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். 20 அளவுகளை எடுத்தால், ஆரோக்கியமான ஒருவருக்கே சராசரியாக மூன்று அளவுகள் கீழே விழும். எனவே தனித்து நிற்கும் ஒரு தாழ்ந்த மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். ஒரே திறனைத் தொடும் இரண்டு மூன்று சோதனைகள் ஒரே திசையைக் காட்டுகின்றனவா, அறையில் கண்டதும் வீட்டில் நடப்பதும் அதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.

நினைவாற்றல் பகுதி எப்படி இருக்கலாம் என்று பாருங்கள். "செவிவழிச் சொல் கற்றல் சோதனையில் குறைபாடு உள்ளது" என்ற வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "15 சொற்கள் கொண்ட பட்டியலை ஐந்து முறை வாசித்தபோது, முதல் முறை 4 சொற்களையும் ஐந்தாம் முறை 11 சொற்களையும் சொன்னார். இடைவெளிக்குப் பின் தாமாக நினைவுகூர்ந்தவை 6. ஆனால் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, பட்டியலில் இருந்ததா என்று கேட்டபோது 14 சொற்களைச் சரியாக அடையாளம் கண்டார். கேட்டது மனதில் பதிகிறது; தேவைப்படும் நேரத்தில் தானாக எடுப்பதில்தான் சிரமம்." இப்படி எழுதினால் பரிந்துரை தானே பிறக்கிறது: குறிப்பேடும் கைப்பேசி அலாரமும் இவருக்கு உதவும். அடையாளம் காண்பதிலும் தவறியிருந்தால் கதையே வேறு.

மதிப்பெண்ணிலிருந்து மூளையின் இடத்தைச் சொல்லும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். எங்கே காயம் என்பதை ஸ்கேன் காட்டிவிட்டது. அந்தக் காயத்தோடு அவரால் என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் நம்மிடம் அனுப்பியிருக்கிறார்கள். "முன்மடல் காயத்தோடு ஒத்துப்போகிறது" என்று எழுதலாம். "முன்மடல் காயத்தை நிரூபிக்கிறது" என்று எழுதக் கூடாது. மனச்சோர்வு, தூக்கக் குறைவு, வலி ஆகியவையும் கவனத்தைக் குறைக்கும் என்பதால், அவற்றை அளந்து பார்த்த முடிவையும் இதே இடத்தில் சேர்க்க வேண்டும்.

இழப்பீட்டு வழக்கு இருப்பதால், சோதனையில் அவர் முழு முயற்சி எடுத்தாரா என்று அளந்தோமா என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கான சோதனைகளை நடத்தி முடிவைப் பதிவு செய்யுங்கள். அது தாழ்ந்திருந்தாலும் "நடிக்கிறார்" என்று எழுதாதீர்கள். இன்றைய மதிப்பெண்கள் அவருடைய முழுத் திறனைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது என்பதுவரைதான் நம்மால் சொல்ல முடியும். அதேபோல ஊனத்தின் சதவீதத்தை நாமாக எழுதிக் கொடுக்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, சான்று வழங்குவது அதற்கென நியமிக்கப்பட்ட சான்றளிக்கும் அதிகாரியின் வேலை.

பரிந்துரைகள்

மருத்துவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது கடைசிப் பக்கத்தைத்தான் என்பதால், இங்கே உங்கள் நேரத்தை அதிகமாகச் செலவிடுங்கள். "அறிவாற்றல் மறுவாழ்வுப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது" என்ற வரி யாருக்கும் எதையும் சொல்லாது. யார், எதை, எப்போது என்று எழுதுங்கள். நம் மேஸ்திரி முதல் மாதம் அரை நாள் மட்டும், ஒரு வரிசைத் தறிகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஓடும் தறியில் கைவைக்கும் பழுது வேலை இப்போதைக்கு வேண்டாம். கூலிக் கணக்கை எழுதிப் போடட்டும், இன்னொருவர் சரிபார்க்கட்டும். எரிச்சலில் மருந்தின் பங்கு இருக்கலாமா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டுகிறோம். அதுவரை மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது என்று குடும்பத்திடம் சொல்லப்பட்டது. வண்டி ஓட்டுவதைப் பற்றிய முடிவும் அதே மருத்துவருடையது.

முன்மடலின் அடிப்பகுதி அடிபட்டவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி, வாசனை தெரிகிறதா என்பது. அடுப்பில் சாம்பார் தீய்ந்தபோது பக்கத்து அறையில் இருந்த மனைவி ஓடிவர, அடுப்பருகே உட்கார்ந்திருந்தவர் கவனிக்கவே இல்லை என்று குடும்பம் சொன்னால், அதை எழுதி, வாசனை உணர்வைப் பரிசோதிக்கக் கேளுங்கள். தறிக்கூடத்தில் மோட்டார் கருகுவதை முதலில் சொல்வது மூக்குதான். வீட்டில் சமையல் எரிவாயுக் கசிவுக்கும் அதே நிலைதான்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பதே நம் மருத்துவமனைகளின் வழக்கம். அத்துடன் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் இணையுங்கள். இந்தத் தாள்கள் பிளாஸ்டிக் உறையில் போடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மருத்துவர் மருத்துவராகப் போகும். ஒருநாள் வளர்ந்த மகள் எடுத்துப் படிப்பாள். நோயாளியின் முன்னிலையில் சொல்லக் கூசும் சொல் எதுவும் அதில் இருக்க வேண்டாம். சோதனையின் கேள்விகளையும் படங்களையும் அப்படியே இணைக்காதீர்கள். வெளியே பரவினால் அந்தச் சோதனை மற்றவர்களுக்குப் பயன்படாமல் போகும்.

இறுதியில் சோதித்த தேதிகள், அறிக்கை எழுதிய தேதி, உங்கள் பெயர், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண், கையொப்பம் ஆகியவற்றை இடுங்கள். மறுசோதனைக்கு ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து வரச் சொல்லும்போது, பழக்கத்தால் மதிப்பெண் கூடாமலிருக்க மாற்றுச் சொற்பட்டியலைப் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பைச் சேருங்கள். பிரதி, பரிந்துரைத்த மருத்துவருக்கும் நோயாளிக்கும் போகும். முதலாளி கேட்டால், நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின் பேரில், வேலை பற்றிய பரிந்துரைப் பகுதியை மட்டும் தனித்தாளில் கொடுங்கள்.